கிளாவர் வருமா?

கேள்வி: தீபாவளி ராத்திரி மொட்டை மாடியில் நண்பர்களோடு போக்கர். புளியங்கொட்டைதான் காசு. கையில் இரண்டு கிளாவர், எல்லோருக்கும் பொதுவாகத் தரையில் விரித்த மூன்றில் இரண்டு கிளாவர். இன்னொன்று வந்தால் ஐந்தும் ஒரே ஜாதி, ஃப்ளஷ். எதிரே இருந்தவன் கண்ணை மூடிக்கொண்டு ஏற்றுகிறவன். நடுவில் 100 கொட்டை இருக்க, 50 போட்டான். பயந்து கவிழ்த்துவிட்டேன். சரிதானா?
- வாசகர், திருவாரூர்

பதில்: 'கிளாவர்' என்று எழுதினீர்களே, அதற்கே உங்களுக்கு ஒரு கும்பிடு. பிழைதிருத்துகிற தம்பி அதை 'கிளப்ஸ்' ஆக்கி அனுப்பினார். திரும்பக் கிளாவர் ஆக்கினேன். இந்தச் சண்டை எங்களுக்குள் பல வருடமாக நடக்கிறது, நான் விடப்போவதில்லை. கிளாவர் டச்சுச் சொல். மூன்றிலைப் புல் என்று பொருள். சீட்டை எடுத்துப் பாருங்கள், இருப்பது மூன்று இலை. ஆங்கிலப் பெயருக்குத் தடி என்று அர்த்தம், அந்தப் படத்தில் தடி எங்கே இருக்கிறது? 1658இல் நாகப்பட்டினத்தைப் பிடித்த டச்சுக்காரர்கள் 1781இல் ஆங்கிலேயரிடம் அதை விட்டுப் போனார்கள். சொல் போகவில்லை. சிங்களத்தில் அதுவே 'கலாபர'. எங்கள் திண்ணையில் இருபத்தெட்டு ஆடிய சீட்டுக்கட்டில் கிளாவர் ராஜாவுக்கு ஒரு மூலை மடங்கி, ஓரமெல்லாம் பஞ்சு பஞ்சாக இருக்கும். யார் கையில் ராஜா என்று ஊருக்கே தெரியும்.

உங்கள் கைக்கு வருகிறேன். அவசரப்பட்டுவிட்டீர்கள். கிளாவர் பதின்மூன்றில் நான்கைப் பார்த்தாயிற்று, பாக்கி 9. நீங்கள் பார்க்காத சீட்டு 47. அடுத்த சீட்டிலேயே வர ஏறக்குறைய 19 சதவீதம், இன்னும் விழ வேண்டிய இரண்டு சீட்டுக்கும் சேர்த்து 35. இந்த 35ஐ நம்பித்தான் பலர் கெடுகிறார்கள். ஏற்றுகிறவன் இரண்டாவது சீட்டுக்குத் தனியாக விலை கேட்பான். நீங்கள் 50 போட்டால் நடுவில் 200 ஆகும். நாலில் ஒரு தடவையாவது ஜெயித்தால்தான் கட்டும், உங்களுக்கோ ஐந்தில் ஒரு தடவைகூட முழுசாக இல்லை. ஆனால் கிளாவர் விழுந்தபின் அவனிடம் இன்னும் அறுபது கொட்டைக்கு மேல் கறக்க முடியும் என்றால் கணக்கு உங்கள் பக்கம் திரும்பிவிடும். மூர்க்கமாக ஏற்றுகிறவனிடம் அது பெரிய காரியமே இல்லை, அவன் முன்னால் கொட்டை குவிந்திருந்தால் போதும்.

இன்னொரு வழி, நீங்களே 150ஆக ஏற்றுவது. அவன் சீட்டைக் கீழே வைக்கத் தெரிந்தவனா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. வெறுங்கையோடு ஏற்றுகிறவன் பதிலுக்கு ஏற்றினால் பல நேரம் கவிழ்ப்பான். இரண்டில் ஒரு தடவை கவிழ்த்தாலே உங்களுக்கு நஷ்டமில்லை, கவிழ்க்காத தடவைக்குக் கிளாவர் துணை இருக்கிறது. என்ன ஆனாலும் கவிழ்க்க மாட்டேன் என்கிற ரகமாக இருந்தால் அவனை மிரட்டவே கூடாது. விலை படிந்தால் கட்டுங்கள், படியாவிட்டால் கவிழ்த்துவிட்டு ஸ்கூட்.

இத்தனை எழுதியவர் முக்கியமானதை விட்டுவிட்டீர்கள். உங்கள் இரண்டு கிளாவரும் என்னென்ன? அஞ்சும் ஆறுமாக இருந்து, ஏஸ் அவன் கையில் இன்னொரு கிளாவரோடு இருந்திருந்தால், நீங்கள் வேண்டிக்கொண்ட அந்த ஐந்தாவது கிளாவரே உங்கள் கொட்டை மொத்தத்தையும் அவன் பக்கம் தள்ளியிருக்கும்.