குஞ்சுக்கு ஆள் உண்டு

அன்புள்ள ஐயா,

மயிலாடுதுறைக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் இருக்கிறேன். தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவள். ஒவ்வொரு கோடை விடுமுறைக்கும் சென்னையிலிருந்து பேரனும் பேத்தியும் வந்துவிடுவார்கள். காலையில் விழுந்த மாங்காய்களைப் பொறுக்குவது, மதியம் மாடியில் வடகத்துக்குக் காக்கை வராமல் காவல் இருப்பது, சாயங்காலம் கொல்லையில் கிணற்றடியில் உட்கார்ந்து அணிலையும் செம்போத்தையும் பார்ப்பது என்று நாள் போவதே தெரியாது. வருடத்தின் மற்ற மாதங்களை இந்த நாட்களை நினைத்துத்தான் கடத்துகிறேன்.

போன வாரம் வாழையடியில் ஒரு குருவிக்குஞ்சு விழுந்து கிடந்தது. பேரன் அதை எடுத்துவந்து அட்டைப்பெட்டியில் பஞ்சு போட்டு வைத்தான். பாலும் சோறும் ஊட்டினோம். ஏழெட்டுத் தவிட்டுக்குருவிகள் சன்னலுக்கு வெளியே வந்து ஓயாமல் கத்திக்கொண்டிருந்தன. பிள்ளைகளுக்கு அது பெரிய வேடிக்கை. மூன்றாம் நாள் குஞ்சு இறந்துவிட்டது. பேரன் சாப்பிடாமல் அழுதான். அவனைச் சமாதானப்படுத்த ஒரு கிளி வாங்கித் தரலாமா என்று யோசிக்கிறேன்.

என் கேள்வி இதுதான். பிள்ளைகளுக்கு இயற்கையைக் கற்பிக்க எந்தப் புத்தகம் வாங்கலாம்? பைனாகுலர் தேவையா? கைபேசியிலிருந்து அவர்களை எப்படி மீட்பது? இதற்கிடையில், பாம்புக்குப் பயந்து கொல்லை முழுவதும் சிமெண்ட் போட்டுவிட வேண்டும் என்று மகன் சொல்கிறான்.

இப்படிக்கு,
ஒரு பாட்டி

அன்புள்ள அம்மா,

நீங்கள் கேட்ட கேள்விகளுக்காக நான் இந்தப் பதிலை எழுதவில்லை. கடிதத்தின் நடுவில், போகிற போக்கில், ‘பிள்ளைகளுக்கு அது பெரிய வேடிக்கை’ என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். அந்த வரிதான் என்னை உட்கார வைத்தது. பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டுப் புறவாசலிலும் இந்தச் சித்திரையில் ஒரு தவிட்டுக்குருவிக் கூட்டம் குஞ்சு வளர்த்துக்கொண்டிருக்கிறது. என் பேத்தியோடு அவற்றைப் பார்த்துக்கொண்டே, இந்தப் பறவைகளைப் பற்றி எழுத வேண்டும் என்று பல நாட்களாக நினைத்திருந்தேன். உங்கள் கடிதம் அந்த நேரத்தில் வந்து சேர்ந்தது.

கைபேசியைப் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. வடகத்துக்குக் காவல் இருக்கிற பிள்ளையின் கையில் அது எவ்வளவு நேரம் இருந்துவிடும்? புத்தகமும் பைனாகுலரும் அடுத்த வருடத்துக்கு இருக்கட்டும். பத்தடி தூரத்தில் கிணற்றுக்கல்லில் வந்து உட்காரும் பறவையைப் பார்க்கக் கண் போதும். மா. கிருஷ்ணன் 1950 முதல் 1996இல் மறையும் வரை ஒரு நாளிதழில் இயற்கையைப் பற்றித் தொடர்ந்து பத்தி எழுதிவந்தார். காடுகளில் யானையைத் தேடிப் போன அதே மனிதர் காக்கையையும் பல்லியையும் அதே அக்கறையோடு எழுதினார். உங்கள் கொல்லையில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது என்ற ஐயம் உங்களுக்கு வேண்டாம்.

அந்தக் குஞ்சின் கதைக்கு வருகிறேன். கொஞ்சம் கடுமையாகவே எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அம்மா, அந்தக் குஞ்சு விழுந்து கிடக்கவில்லை. கூட்டை விட்டு அது தானாக இறங்கி வந்திருக்கிறது. உடம்பெல்லாம் இறகு முளைத்து, வால் மட்டும் கட்டைவிரல் நகம் அளவுக்கு நின்று, வாயோரத்தில் மஞ்சள் மாறாமல் இருந்திருந்தால், அது பறக்கப் பழகும் பருவத்துக் குஞ்சு என்பதில் சந்தேகமில்லை. தவிட்டுக்குருவிக் குஞ்சுகள் ஒழுங்காகப் பறக்க வருவதற்கு முன்பே கூட்டை விட்டு இறங்கிவிடும். செடியடியிலும் சருகிலும் பதுங்கித் தத்தித் தத்தித் திரியும். அந்த நாட்களில் பெரிய பறவைகள் தரையிலேயே வந்து அதற்கு ஊட்டும். அந்த நிலையில் இருந்த ஒன்றைத்தான் உங்கள் வீட்டில் எல்லாரும் சேர்ந்து அநாதை என்று முடிவு செய்து பெட்டியில் போட்டிருக்கிறீர்கள்.

சன்னலுக்கு வெளியே கத்திய அந்த ஏழெட்டுப் பேர் யார் என்று நினைத்தீர்கள்? இந்தப் பறவை தென்னிந்தியாவையும் இலங்கையையும் தவிர உலகில் வேறெங்கும் இல்லை. இது தனியாகவோ இணையாகவோ வாழாமல் ஏழு, எட்டு, பத்து என்று ஒரு குடும்பமாகவே வாழும். ஒன்று முட்டையிட்டால் வளர்ப்பது எல்லாருடைய வேலை. தாயும் தகப்பனும் ஊட்டுவதோடு, முந்தைய ஈட்டில் பிறந்து வளர்ந்தவையும் உறவில் ஒட்டிய மற்றவையும் புழுவும் வெட்டுக்கிளியும் கொண்டுவந்து அந்த வாயில் வைக்கும். எல்லாரும் சருகைப் புரட்டி இரை தேடும்போது ஒன்று மட்டும் கொப்பில் ஏறி நின்று பூனையும் வல்லூறும் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கும். உங்கள் சன்னலுக்கு வந்தது அந்தக் குடும்பம். மூன்று நாள் அது தன் பிள்ளையைக் கேட்டுக் கத்தியிருக்கிறது. வாசலில் விளையாடிக்கொண்டிருந்த உங்கள் பேத்தியை, பாவம் தனியாக நிற்கிறதே என்று எவரோ தூக்கிக்கொண்டு போய் ஒரு அறையில் பூட்டிவைத்து, நீங்கள் வெளியே நின்று கதவைத் தட்டுவதை அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் வேடிக்கை பார்த்திருந்தால் உங்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள். பேரனைப் பெற்ற ஒரு பாட்டிக்கு, அதுவும் பல நூறு பிள்ளைகளைப் பள்ளியில் பார்த்த ஒருவருக்கு, அந்தக் கத்தலின் பொருள் எப்படிப் பிடிபடாமல் போனது என்பதுதான் என் ஆற்றாமை.

ஊட்டியதும் தவறு. பாலைச் செரிக்கும் தன்மை பறவையின் வயிற்றுக்கு இல்லை. அது கழிச்சலில் முடியும். குஞ்சுக்கு வேண்டியது பூச்சி. வெறும் சோற்றில் அதன் உடம்பு வளராது. அலகைப் பிளந்து சொட்டுச் சொட்டாக விடும் நீர், நாக்கின் அடியிலேயே இருக்கும் மூச்சுக்குழல் வாய்க்குள் இறங்கிவிடும். இவற்றில் எது அந்தக் குஞ்சைக் கொன்றது என்று இங்கிருந்து சொல்ல முடியாது. ஆனால் அதன் உறவுகள் விடிந்தது முதல் பொழுது அடையும் வரை மாறி மாறி வந்து செய்யும் வேலையை, எவ்வளவு அன்பிருந்தாலும் ஒரு சின்னப் பையனால் செய்ய முடியாது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதைச் சொல்லித்தான் ஊர் ஊராகக் குஞ்சுகளைக் கொல்கிறார்கள். மனிதக் கை பட்ட குஞ்சைத் தாய் சேர்க்காது என்ற பேச்சு உண்மையில்லை. இறகு முளைக்காத குஞ்சு கீழே விழுந்து கிடந்தால், கூடு தெரிந்தால், கையால் எடுத்துக் கூட்டிலேயே வைத்துவிடலாம். தாய் வந்து ஊட்டும். கூடு சிதைந்துவிட்டிருந்தால், அடியில் ஓட்டையுள்ள ஒரு சின்னக் கூடையில் காய்ந்த புல்லைப் போட்டு, பழைய இடத்துக்கு மிக அருகே கட்டித் தொங்கவிட்டுத் தள்ளி நின்று பார்க்க வேண்டும். இறகு முளைத்த குஞ்சாக இருந்தால் தொடவே வேண்டியதில்லை. பூனை சுற்றுகிறது என்றால் பக்கத்துச் செடியின் ஒரு கவையில் ஏற்றிவிட்டு விலகிவிடலாம். காயம்பட்டிருந்தால் மட்டும் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். நாம் சுற்றி நிற்கிற வரைக்கும் பெரிய பறவைகள் இறங்கி வராது. ஆள் நின்றுகொண்டே ‘தாய் வரவில்லை, தாய் வரவில்லை’ என்று சொல்வதில் பொருளில்லை.

அம்பாசமுத்திரம் பக்கத்தில் எங்கள் ஆச்சி வீட்டுப் புறவாசலில் இதையெல்லாம் யாரும் எங்களுக்குப் பாடமாகச் சொல்லவில்லை. மதியச் சாப்பாடு முடிந்து ஆச்சி பனையோலை விசிறியோடு பின்கட்டுத் திண்ணையில் சாய்ந்துகொள்வாள். அரிசி கழுவிய தண்ணீர் வாழைக்கு ஓடும் ஈரத்தில் தவிட்டுக்குருவிகள் சருகை இடமும் வலமுமாகத் தள்ளிப் பார்த்துக்கொண்டிருக்கும். ஒற்றைக் காலை ஊன்றி ஊன்றி நடக்கும் ஒன்றை அவள் ‘நொண்டிச்சி’ என்று கூப்பிடுவாள். அது வரும் வரை கண்ணை மூடமாட்டாள். ஒரு கோடையில் வாழைமூட்டில் உங்கள் பேரன் பார்த்தது போலவே ஒரு குஞ்சு இருந்தது. சித்தி மகன் அதை எடுக்க ஓடினான். ஆச்சி எழுந்திருக்கவில்லை, விசிறியை மட்டும் நீட்டி, “ஏல, அதுக்கு ஆளு இருக்கு. நீ தள்ளி வா” என்றாள். நாங்கள் எல்லாரும் திண்ணைக்கு வந்து அவள் பக்கத்தில் ஒட்டிக்கொண்டோம்.

கொஞ்ச நேரம் ஒன்றுமே நடக்கவில்லை. பிறகு ஒரு பறவை அலகில் வெட்டுக்கிளியோடு இறங்கியது. வெட்டுக்கிளியின் கால் இன்னும் உதறிக்கொண்டிருந்தது. குஞ்சு இறக்கையைத் தளர விட்டு நடுங்கிக்கொண்டே வாயைத் திறந்தது. வாய்க்குள் முழுக்கச் செந்நிறம், ஓரத்தில் மஞ்சள். அது விழுங்கி முடிப்பதற்குள் இரண்டாவது பறவை வந்து நின்றது. மூன்றாவதாக வந்தது நொண்டிச்சி. ஆச்சி அப்போது சிரித்த சிரிப்பு எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. தன் பிள்ளைக்கு ஊட்ட வந்ததா, தங்கை பிள்ளைக்கு ஊட்ட வந்ததா என்று எங்களுக்குள் பெரிய வாக்குவாதம். சாயங்காலம் குஞ்சு தென்னை மட்டை, உரல், கொய்யாவின் அடிக்கவை என்று ஒவ்வொன்றாகத் தாவி ஏறியது. இருட்டும் நேரத்தில் கூட்டம் முழுவதும் ஒரு கொப்பில் தோளோடு தோள் ஒட்டி வரிசையாக உட்கார்ந்தபோது, குஞ்சு நடுவில் புகுந்துகொண்டது. எங்களுக்கு ஒரு மதியமும் ஒரு சாயங்காலமும் அதிலேயே போயின.

உங்கள் பேரன் இழந்தது இதை. குஞ்சைத் தொடாமல் இருந்திருந்தால் ஒரு குடும்பம் எப்படிப் பிள்ளை வளர்க்கும் என்பதை மூன்று நாள் முழுக்கப் பார்த்திருப்பான். அவனைத் திட்டாதீர்கள். அவன் கை நல்ல எண்ணத்தோடுதான் நீண்டது, அந்த எண்ணம் விலைமதிப்பில்லாதது. ஆனால் உண்மையை மறைக்கவும் வேண்டாம். மடியில் உட்கார வைத்து, ‘அந்தக் குஞ்சுக்கு ஆள் இருந்தது, எங்களுக்குத் தெரியவில்லை, அடுத்த முறை நாம் தள்ளி நின்று பார்ப்போம்’ என்று சொல்லுங்கள். அழுதால் அழட்டும். அந்த அழுகைக்கு மாற்றாகக் கிளி வாங்கித் தரும் யோசனையை இன்றோடு விட்டுவிடுங்கள். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி நம் நாட்டுக் கிளியைக் கூண்டில் வளர்ப்பது குற்றம். சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். விற்பனைக்கு வரும் கிளிக்குஞ்சு ஏதோ ஒரு மரப்பொந்திலிருந்து களவாடப்பட்டது. ஒரு குஞ்சை இழந்து அழும் பிள்ளைக்கு, இன்னொரு கூட்டிலிருந்து எடுத்த குஞ்சையா ஆறுதலாகத் தருவீர்கள்?

அதற்குப் பதிலாக அவனுக்கு வேறொரு வேலை கொடுங்கள். உங்கள் கொல்லையில் எலுமிச்சை, பூவரசு, நந்தியாவட்டை ஏதாவது இருந்தால், இடுப்புயரத்தில் இலை ஒன்றோடொன்று மடிந்து ஒட்டியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். தையல்சிட்டு இலையின் ஓரத்தில் அலகால் துளையிட்டு, சிலந்தி நூலையும் பஞ்சையும் அதற்குள் செலுத்தி இழுத்திருக்கும். வெளிப்பக்கத்தில் பஞ்சு பிசிறிப் புடைத்து நிற்பதால் நூல் திரும்ப உருவிக்கொள்ளாது. இலையைப் பிரித்துப் பார்க்கக் கூடாது, கைபேசியைக் கூட்டுக்குள் நீட்டிப் படம் எடுக்கக் கூடாது. சுமார் பன்னிரண்டு நாளில் முட்டை பொரியும், அதன்பின் ஏறத்தாழ இரண்டு வாரத்தில் குஞ்சு வெளியே வரும். கோடை விடுமுறைக்குள் முழுவதையும் தள்ளி நின்றே பார்த்து முடித்துவிடலாம்.

கொல்லையைத் தினமும் மண் தெரியப் பெருக்கிச் சருகைக் குவித்துக் கொளுத்தும் வழக்கம் உங்கள் வீட்டில் இருந்தால் நிறுத்துங்கள். வாழையடியிலும் வேலியோரத்திலும் சருகு கிடக்கட்டும். தவிட்டுக்குருவிகளுக்கு இரை அதில்தான் இருக்கிறது.

இதனால்தான் உங்கள் மகனின் சிமெண்ட் எனக்குப் பெரிய கவலையாக இருக்கிறது. அவருடைய பயத்தை நான் அலட்சியம் செய்யவில்லை. குழந்தைகள் ஓடித் திரியும் இடம். நாகமும் கட்டுவிரியனும் கண்ணாடி விரியனும் நம் கிராமங்களில் உண்மையாகவே இருக்கின்றன. ஆனால் பாம்பு எலியைத் தேடி வருகிறது, எலி சிந்திய தானியத்தையும் எச்சில் குப்பையையும் தேடி வருகிறது. சிமெண்ட் போட்டால் இந்த இரண்டும் நின்றுவிடாது. வீட்டுச் சுவரை ஒட்டி மூன்றடி அகலத்துக்கு மட்டும் தளம் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள், அந்த இடத்தில் சருகோ செடியோ வேண்டாம். சாக்கடைத் துளைகளுக்குக் கம்பிவலை, விறகுக்கும் பழைய ஓட்டுக்கும் வீட்டை விட்டுத் தள்ளி ஓர் இடம், இருட்டிய பிறகு கொல்லைக்குப் போகக் கையில் டார்ச், தரையில் படுப்பவர்களுக்குக் கொசுவலையை நன்றாகச் செருகிவிடுவது: இவ்வளவும் செய்தால் பெரும்பகுதி ஆபத்து குறைந்துவிடும். தப்பித் தவறிக் கடி பட்டால் மந்திரிக்கிறவரிடம் போகாமல் நேரே அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். கொல்லையில் அவர் பார்த்தது நீளமான மஞ்சள் பழுப்புச் சாரையாக இருந்தால் அதற்கு நஞ்சு கிடையாது, வாலிலும் கிடையாது. அது எலி தின்னும் பாம்பு, இருந்துவிட்டுப் போகட்டும்.

இந்தப் பதிலை அவரிடம் காட்டுங்கள். ஒப்புக்கொள்ளாவிட்டால் எனக்கு எழுதச் சொல்லுங்கள், அவரோடு விரிவாகப் பேசத் தயாராக இருக்கிறேன். கத்திரி வெயில் தொடங்கிவிட்டது. வாய் அகன்ற, ஆழம் குறைந்த மண்சட்டி ஒன்றை வாங்கி, உள்ளே ஒரு கல்லைப் போட்டு, பூனை பதுங்க முடியாத நிழலில் வையுங்கள். தண்ணீரைத் தினமும் கொட்டிவிட்டு மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் கொசு வளரும். அந்த வேலை உங்கள் பேத்திக்கு.

அன்புடன்.