அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் சிறுபான்மை மாணவர்களுக்கான திட்டங்களில் எவை உண்மையில் பலன் தருகின்றன?

உதவித்தொகை மட்டும் போதாது. பலர் சறுக்குவது முதலாண்டுக் கணிதத்திலும் வேதியியலிலும்தான். 1970களில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் கணிதவியலாளர் யூரி டிரைஸ்மன் இதை நேரில் கவனித்துப் பார்த்தார். கால்குலஸில் (நுண்கணிதத்தில்) தவறிய கறுப்பின மாணவர்கள் நன்றாகவே உழைத்தார்கள், ஆனால் பெரும்பாலும் தனியாக. சீன வம்சாவளி மாணவர்கள் சேர்ந்து படித்து ஒருவர் தவறை மற்றவர் திருத்தினார்கள். எனவே அவர் கடினமான கணக்குகளைக் குழுவாகப் போடும் பட்டறையைத் தொடங்கினார். 'பின்தங்கியோர் வகுப்பு' என்று பெயர் வைத்திருந்தால் யார் வந்திருப்பார்கள்?

மேரிலாந்து பல்கலைக்கழகத்தின் பால்டிமோர் கவுண்டி வளாகத்தில் 1988ல் உருவான மேயர்ஹாஃப் திட்டமும் ஏறக்குறைய இதே வழிதான்: வகுப்புகள் தொடங்குமுன் ஆறு வாரக் கோடைப் பயிற்சி, கட்டாயக் குழுப் படிப்பு, தொடக்கத்திலேயே ஆய்வக வேலை. முதல் அணியில் கறுப்பின ஆண்கள் மட்டுமே இருந்தார்கள்; 1996லிருந்து எல்லா இனத்தவரும் சேரலாம்.

2023ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஹார்வர்டு பல்கலைக்கழக வழக்கில் சேர்க்கைக்கு இனத்தை அளவுகோலாக்குவதைத் தடுத்துவிட்டது. ஆகவே விண்ணப்பிக்கும்போது தகுதி விதியைப் பாருங்கள். குடும்பத்தில் முதல் பட்டதாரி, குறைந்த வருமானம் ஆகியவற்றை அடிப்படையாகக் கொண்ட ட்ரியோ (TRIO, அமெரிக்க மத்திய அரசின் மாணவர் உதவித் திட்டங்கள்) போன்ற திட்டங்களுக்கு இந்தத் தீர்ப்பு நேரடியாகப் பொருந்தாது. வருமானச் சான்றை முன்கூட்டியே தயாராக வைத்திருங்கள்.