சித்தப்பா ஏன் சிரித்தார்?

கேள்வி: எனக்கு 27 வயது, மதுரை. காது கேட்காமல் இருந்தால் எப்படி இருக்கும் என்று அனுபவித்துப் பார்க்க ரொம்ப நாளாக ஆசை. போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க யாரிடமும் சொல்லாமல் காதில் இயர்பிளக் வைத்துக்கொண்டு வீட்டில் இருந்தேன். ஒரு மாதிரி அமைதியாக இருந்தது. மத்தியானம் சாப்பிடும்போது அப்பா ஏதோ சொன்னார், எல்லோரும் சிரித்தார்கள், எனக்குச் சரியாகப் புரியவில்லை, தனியாக விடப்பட்ட மாதிரி ஆகிவிட்டது. எங்களோடு இருக்கும் ஊமைச் சித்தப்பாகூடச் சேர்ந்து சிரித்தார், எனக்குத்தான் முடியவில்லை. (அவர் பிறவியிலேயே காது கேளாதவர், ஐம்பது வயது தாண்டிவிட்டது. அப்பா தம்பியைக் கைவிடவில்லை, சோறு போட்டு, தையல் கடையும் வைத்துக் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பஸ் ஸ்டாண்ட் பக்கத்து டீக்கடையில் பள்ளிக்கூட நண்பர்களோடு மணிக்கணக்காகக் கையால் பேசிக்கொண்டிருப்பார்.) அடுத்து ஒரு வாரம் லீவு போட்டு இதையே செய்யலாம் என்றிருக்கிறேன். மனைவி பயப்படுகிறாள். இது மனநோயா?

பதில்:

தம்பி, நோயா இல்லையா என்பதை அப்புறம் பார்ப்போம். சித்தப்பாவும் சிரித்தார் என்று போகிற போக்கில் எழுதிவிட்டுப் போய்விட்டீர்களே, அவர் எதற்குச் சிரித்தார்?

இயர்பிளக் போட்ட உங்களுக்கே பிடிபடாத பேச்சு பிறவியிலேயே காது கேளாத மனிதருக்கு எப்படிப் புரிந்தது? யாராவது கையால் சொன்னார்களா? சொல்லியிருந்தால் நீங்கள் எழுதியிருப்பீர்கள். வாயைப் பார்த்துப் புரிந்துகொண்டிருப்பார் என்று மட்டும் சொல்லாதீர்கள். கண்ணாடி முன்னால் நின்று சத்தம் வராமல் 'பாடு' என்று சொல்லிப் பாருங்கள், பிறகு 'மாடு'. 'படி', 'மடி'. 'பணம்', 'மணம்'. உதடு ஒரே மாதிரிதான் மூடித் திறக்கும். நேருக்கு நேர் நின்றாலே இந்தக் கதி. வாயில் சோறு, முகம் தட்டைப் பார்த்துக் குனிந்திருக்கிறது, மூன்று பேர் ஒரே நேரத்தில் பேசுகிறார்கள், இதில் அவர் எதைப் படிப்பார்?

மற்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள், அதனால் அவரும் சிரித்தார். சிரிக்காவிட்டால் 'என்ன?' என்று கேட்க வேண்டும், கேட்டால் யாராவது கையைக் காற்றில் ஆட்டி 'அப்புறம்' என்பார்கள், அந்த அப்புறம் வரவே வராது என்பது ஐம்பது வயது தாண்டிய மனிதருக்கு நன்றாகத் தெரியும். உங்களை ஒரு வேளைச் சாப்பாட்டில் கலங்க வைத்த அந்தத் தனிமையில் அவர் வருஷக்கணக்காக உட்கார்ந்திருக்கிறார், அதுவும் உங்களுக்குப் பக்கத்திலேயே. நீங்கள் அதை ஞாயிற்றுக்கிழமை ஒரு சோதனையில் கண்டுபிடித்ததாக எனக்குக் கடிதம் எழுதுகிறீர்கள். இதில் 'ஊமைச் சித்தப்பா' வேறு. தெரு அப்படிக் கூப்பிடலாம், அண்ணன் மகன் கூப்பிடலாமா?

நீங்கள் அனுபவித்தது எவ்வளவு என்றும் சொல்லிவிடுகிறேன். மருந்துக்கடை இயர்பிளக் சத்தத்தைச் சுமார் 20 முதல் 30 டெசிபல்தான் குறைக்கும். சாதாரணப் பேச்சே 60 டெசிபல் பக்கம் இருக்கும், ஆக பேச்சு மெதுவாக உள்ளே வந்துகொண்டுதான் இருக்கும். உங்கள் குரலும் அப்பளம் மெல்லும் சத்தமும் மண்டைக்குள் பெரிதாகக் கேட்டிருக்குமே? காதுத் துளையை அடைத்தால் எலும்பு வழியாக வருகிற சத்தம் இப்படிக் கூடித்தான் கேட்கும். அப்புறம் அந்த அமைதி. சத்தத்தை அறிந்தவருக்குத்தான் அது அமைதி, சித்தப்பாவுக்கு நின்றுபோவதற்குச் சத்தம் என்று ஒன்று முதலில் இருந்ததே இல்லை. கேட்டுக்கொண்டிருந்து இடையில் காது போனவர்களில் பலருக்கு அந்த அமைதியும் கிடையாது, உள்ளே இரைச்சல் ஓயாது. இசைமேதை பீத்தோவன் 1801ல் நண்பருக்கு எழுதிய கடிதத்தில் காது இரவு பகலாக இரைகிறது என்கிறார், தனக்குக் காது கேட்கவில்லை என்று மனிதர்களிடம் சொல்ல முடியாமல் இரண்டு வருஷமாக நாலு பேர் கூடும் இடத்துக்கே போவதில்லை என்கிறார். அவருக்கும் காதை விட மனிதர்கள்தான் பெரிய பாடாக இருந்திருக்கிறார்கள்.

சரி, ஏன் இந்த ஆசை? சின்னப் பிள்ளைகள் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு சுவரைத் தடவி நடப்பார்களே, வேண்டும்போது திறந்துவிடலாம் என்ற தைரியம் இருப்பதால்தான் அந்த விளையாட்டு இனிக்கிறது. அதில் தப்பில்லை, அது நோய் என்றும் எனக்குத் தோன்றவில்லை. ஒரு நாள் மாற்றுத்திறனாளியாக இருந்து பார்க்கும் பயிற்சிகளை உளவியலாளர்கள் ஆராய்ந்திருக்கிறார்கள். செய்து பார்த்தவர்களுக்குப் பரிவு கூடுகிறது, கூடவே பயமும் கையாலாகாத்தனமும் கூடுகின்றன, ஆனால் அந்த மனிதர்களோடு பழகுவதில் பெரிய மாற்றம் எதுவும் வருவதில்லை. இழப்பின் முதல் ஒரு மணி நேரம்தானே அவர்களுக்குக் கிடைக்கிறது. உங்கள் விஷயத்தில் இன்னொன்றும் இருக்கிறது என்று நினைக்கிறேன். சித்தப்பாவை நினைத்து உங்களுக்கு உள்ளே உறுத்துகிறது. அவரிடமே போய்க் கேட்க வேண்டுமென்றால் அவர் மொழி தெரிய வேண்டும், அதற்கு மாதக்கணக்கில் உழைக்க வேண்டும். இயர்பிளக் வைக்க அந்த உழைப்பு வேண்டாம்.

அமெரிக்காவில் மார்த்தாஸ் வினியார்ட் என்று ஒரு தீவு. பரம்பரையாகப் பலர் அங்கே காது கேளாமல் பிறந்தார்கள், அந்த வழியில் கடைசியாக இருந்தவர் 1952ல் காலமானார். இருநூறு வருஷத்துக்கு மேல் அந்தத் தீவில், முக்கியமாகச் சில்மார்க் என்ற ஊரில், காது கேட்கிறவர்களும் சைகை மொழி பேசினார்கள். கடையில் பேசினார்கள், படகிலிருந்து படகுக்குப் பேசினார்கள், பக்கத்தில் காது கேளாதவர் யாருமே இல்லாதபோதும் தங்களுக்குள் அப்படிப் பேசிக்கொண்டார்கள். ஊரே செய்த காரியத்தை ஒரு வீடு செய்யவில்லை என்றால் எனக்குக் கோபம் வராதா?

அப்பா தம்பியைக் கைவிடவில்லை, சோறு போட்டார், தையல் கடை வைத்துக் கொடுத்தார் என்று பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். நல்ல அண்ணன்தான். ஆனால் சோறு போடுவது கடமையில் பாதிகூட ஆகாது. ஒரே பானைச் சோற்றைச் சாப்பிடுகிறவர்களுக்குள் பேச்சும் பொதுவாக இருக்க வேண்டும். என் பெரியம்மாவுக்கு அறுபதுக்கு மேல் காது போனது. 'என்னடி சொன்னா அவ?' என்று ஆசையாகக் கேட்பாள், 'ஒண்ணுமில்ல பெரியம்மா' என்பேன். அவள் போய்ப் பல வருஷம் ஆகிவிட்டது, நான் சொன்ன ஒவ்வொரு 'ஒண்ணுமில்ல'வும் இன்னும் என்னிடம் இருக்கிறது. உங்கள் சித்தப்பா இருக்கிறார், நாளைக் காலையிலும் உங்களோடு காபி குடிப்பார்.

அந்த ஒரு வார லீவைப் போடுங்கள். காதை அடைக்க இல்லை, கையைப் பழக்க. டெல்லியில் உள்ள இந்திய சைகை மொழி ஆராய்ச்சி, பயிற்சி மையம் 2018ல் 3,000 சொற்களோடு ஒரு அகராதி வெளியிட்டது, 2021ல் அது 10,000 ஆனது. இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். ஆனால் ஊருக்கு ஊர், பள்ளிக்குப் பள்ளி சைகை மாறும், அதனால் உங்களுக்கு வாத்தியார் சித்தப்பாதான். இத்தனை வருஷம் கழித்து வந்து நிற்கிறாயே என்று அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டால் வாங்கிக்கொள்ளுங்கள், மறுநாளும் போய் நில்லுங்கள்.

அவர் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பஸ் ஸ்டாண்ட் பக்கத்து டீக்கடையில் பள்ளிக்கூட நண்பர்களோடு மணிக்கணக்காகக் கையால் பேசிக்கொண்டிருப்பார் என்றும் எழுதியிருந்தீர்கள். கூடப் போகிறேன் என்று கேளுங்கள். ஆறு பேர் கையும் முகமுமாகப் பேசுவார்கள், சிரிப்பார்கள், நீங்கள் டீ கிளாஸைப் பிடித்துக்கொண்டு ஒன்றும் புரியாமல் உட்கார்ந்திருப்பீர்கள். நீங்கள் தேடிய அனுபவம் அங்கேதான் இருக்கிறது. அங்கே புரியாமல் சிரிக்காதீர்கள். 'என்ன?' என்று சித்தப்பாவைக் கேளுங்கள், அவர் அப்புறம் என்கிறாரா, அப்போதே சொல்கிறாரா என்று பாருங்கள்.

காது கேளாதவர்கள் பழகுகிற ஒவ்வொருவருக்கும் கையால் ஒரு பெயர் வைத்திருப்பார்கள். நடை, மச்சம், சிறுவயதுச் சேட்டை, ஏதோ ஒன்றைப் பிடித்து வைத்த பெயர். நீங்கள் தொட்டிலில் கிடந்த நாளிலிருந்தே உங்களைப் பார்த்து வருகிறவர், உங்களுக்கும் ஒன்று வைத்திருப்பார். அந்த நண்பர்களிடம் உங்களைக் காட்டி அறிமுகப்படுத்தும்போது அவர் கை என்ன செய்கிறது என்று பார்த்து எனக்கு எழுதுங்கள்.