கட்டுச்சோறும் வேண்டும், ஊர்ச்சோறும் வேண்டும்

கேள்வி: நானும் என்னுடன் பணிபுரியும் ஆசிரியை ஒருவரும் மே மாத விடுமுறையில் திருச்சியிலிருந்து கன்னியாகுமரிக்குக் காரில் மூன்று நாள் பயணம் போகவிருக்கிறோம். வழியில் உள்ள ஊர்களின் பேர்பெற்ற உணவுகளை ருசிபார்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. அதற்காக ஒரு நீண்ட பட்டியலே எழுதி வைத்திருக்கிறேன். தோழி சுத்த சைவம். வெளிச் சாப்பாடு வயிற்றுக்கு ஆகாது, கட்டுச்சோறும் சிறிய அடுப்பும் எடுத்துக்கொண்டு போகலாம் என்கிறார். அவரை வற்புறுத்த மனமில்லை. என் ஆசையை விடவும் மனமில்லை. என்ன செய்யலாம்?
– வாசகி, திருச்சி

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் தோழியின் தயக்கத்தை நீங்கள் ஒன்றாகப் பார்க்கிறீர்கள்; அதில் இரண்டு இருக்கின்றன. தட்டில் அசைவம் கலந்துவிடுமோ என்பது ஒன்று, வயிறு கெட்டுவிடுமோ என்பது மற்றொன்று. முன்னதற்கு விசாரித்துச் சாப்பிடுவது வழி. பின்னதற்கு நேரமறிந்து சாப்பிடுவது வழி. அடுப்பு இரண்டுக்குமே வழியன்று. மே மாத வெயிலில் நாள் முழுவதும் கார் ஓட்டிவிட்டு, விடுதி அறையில் உட்கார்ந்து ரவை கிளறுகிறவருக்கு மறுநாள் பயணத்தில் விருப்பம் இருக்காது. ஆகவே அடுப்பை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். கட்டுச்சோற்றுக்கு இடம் உண்டு, அதைப் பிறகு சொல்கிறேன்.

உங்கள் பட்டியலைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். மூன்று நாளில் வயிறார உண்ணக்கூடியவை ஒன்பது வேளைதான். அதற்குள் எல்லாவற்றையும் அடைக்கப் பார்த்தால் எதன் ருசியும் நாக்கில் நிற்காது. பட்டியலை ஊர்வாரியாக எழுதியிருப்பீர்கள். அதை நேரவாரியாகத் திருப்பி எழுதிப் பாருங்கள், பாதிப் பெயர்கள் தாமாகவே உதிர்ந்துவிடும். விருதுநகர் எண்ணெய்ப் பரோட்டாவை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஊரில் பரோட்டாக் கல் சூடேறுவது பெரும்பாலும் மாலைக்கு மேல்தான். நீங்களோ முற்பகலில் அந்த ஊரைக் கடந்து போவீர்கள். அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை, இந்தப் பயணத்தில் விட்டுவிடுங்கள்.

இன்னொன்று, நான்குவழிச் சாலையில் ஊர்கள் இல்லை. மதுரையிலிருந்து கன்னியாகுமரிக்குச் செல்லும் நெடுஞ்சாலை சாத்தூரையும் கோவில்பட்டியையும் ஓரமாக ஒதுக்கிவிட்டுப் போகிறது. அதில் எதிர்ப்படும் பெரிய உணவகங்களில் எந்த மாவட்டத்தில் நிறுத்தினாலும் அதே பொங்கலும் அதே நெய் ரோஸ்டும் கிடைக்கும். அவை பெரும்பாலும் சுத்தமாகவே இருக்கின்றன, கழிப்பறையும் இருக்கும். அதற்காக அவற்றைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். சாப்பிடுவதற்கு மட்டும் புறவழிச்சாலையை விட்டு இறங்கி, பேருந்து நிலையத்துக்கோ கோவில் தெருவுக்கோ சென்றுவிடுங்கள். ஓர் ஊருக்கு அரை மணி நேரம் கூடுதலாகும். அந்த நேரத்தைச் செலவிட மனமில்லையென்றால் ரயிலிலேயே போய்விடலாம்.

இனி உங்கள் வழி. திருச்சியிலிருந்து மதுரைக்கு விராலிமலை வழியாக நேர்ச்சாலை இருந்தாலும், நீங்கள் மணப்பாறை, திண்டுக்கல் வழியாகச் சுற்றிச் செல்வதே நல்லது. மணப்பாறையில் முறுக்கு வாங்கிக்கொள்ளுங்கள். 2023ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்ற அந்த முறுக்கு, மூன்று நாளும் காரில் கொறிக்க உதவும், கெடவும் கெடாது. திண்டுக்கல்லை நண்பகலில் அடைந்தால் உங்களுக்குப் பிரியாணி. சீரகச் சம்பா என்னும் பொடி அரிசியில், கறியின் சாறு முழுவதும் இறங்க வேகவைத்தது அது. நீள அரிசிப் பிரியாணிக்குப் பழகியவர்களுக்கு முதல் கவளம் சற்றுக் குழைவாகத் தோன்றலாம், இரண்டாவது கவளத்தில் அந்த எண்ணம் போய்விடும்.

உங்கள் தோழி கவனமாக இருக்க வேண்டிய இடமும் இதுதான். "பீஸ் இல்லாமல் குஸ்கா வாங்கிக்கொள்ளலாமே" என்று கடைக்காரர் நல்லெண்ணத்தில் சொல்வார். இத்தகைய கடைகளில் குஸ்கா என்பது அதே அண்டாவில் கறியோடு வெந்த சோறு. துண்டுகளை ஒதுக்கிவிட்டுத் தருகிறார்கள், அவ்வளவுதான். பரோட்டாக் கடைகளில் கேட்கப்படும் எம்ப்டி சால்னாவும் அப்படித்தான். அதில் கறித்துண்டு இருக்காது என்பதற்கு மேல் எந்த உத்தரவாதமும் இல்லை. பரோட்டா மாவிலேயே சில கடைகளில் முட்டை சேர்ப்பார்கள். இனிப்பு என்று நம்பி வாங்கும் தூத்துக்குடி மக்ரூன் முட்டையின் வெள்ளைக்கருவை அடித்துச் சர்க்கரையும் முந்திரியும் சேர்த்துச் செய்தது. வழியில் உள்ள ஊர்க் கடைகளிலும் கண்ணாடிப் புட்டிகளில் அடுக்கியிருப்பார்கள். மாறாக, மதுரை ஜிகர்தண்டாவில் கடற்பாசி இருக்கிறதே என்று அவர் தயங்க வேண்டியதில்லை. பெயரில் கடல் இருந்தாலும் அது பாசியிலிருந்து எடுப்பது, விலங்கோடு அதற்குத் தொடர்பில்லை. இவற்றையெல்லாம் முன்பே அவரிடம் சொல்லிவிடுங்கள். சைவம் உண்பவரிடம் சாப்பிட்ட பிறகு தகவல் சொல்வதைவிடப் பெரிய நட்புத் துரோகம் இல்லை.

திண்டுக்கல்லில் நீங்கள் பிரியாணி சாப்பிடும் வேளைதான் அவருடைய கட்டுச்சோற்றுக்கு உரிய வேளை. காலையில் வீட்டில் கட்டிய புளியோதரை அப்போது நன்கு ஊறியிருக்கும். தயிர்சாதம் கட்டுவதாக இருந்தால், குழைந்த சோற்றில் பாலை நிறைய விட்டு, ஒரே ஒரு கரண்டித் தயிரை மட்டும் சேர்த்துக் கட்டச் சொல்லுங்கள். மே மாதத்தில் நண்பகலுக்குள் அது தானே தயிராகிவிடும். கட்டுச்சோறு அந்த ஒரு வேளைக்கு மட்டும்தான். மறுநாளைக்கும் சேர்த்துக் கட்டியது பாதுகாப்பான உணவன்று. காருக்குள் வெந்துகொண்டிருக்கும் பொட்டலத்தைவிட, கண்ணெதிரே ஆவி பறக்கத் தட்டிலிருந்து எடுத்துவைக்கும் இட்லி எவ்வளவோ மேல். வெளிச் சாப்பாட்டுக்கு அஞ்சும் பலர் இதைத் தலைகீழாகவே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

மதுரைக்கு மாலைக்குள் போய்ச் சேருங்கள். விளக்குத்தூண் பக்கம் நின்று ஜிகர்தண்டா குடிக்கும்போது உடனே கலக்கிவிடாதீர்கள்; அடியில் பாதாம் பிசினும் கடற்பாசியும், நடுவில் நன்னாரி சர்பத்தும் சுண்டக் காய்ச்சிய பாலும், மேலே ஐஸ்கிரீமும் என்று அடுக்கடுக்காக இருப்பதை முதலில் தனித்தனியாகச் சுவைத்துவிட்டுப் பிறகு கலக்குங்கள். இரவு உணவு தோழியுடையதாக இருக்கட்டும்: நாலைந்து சட்னிகளுடன் இட்லி. கறி தோசையும் கோலா உருண்டையும் உங்கள் பட்டியலில் இருக்கும் என்று ஊகிக்கிறேன். நண்பகலில் பிரியாணி சாப்பிட்ட வயிற்றுக்கு அவற்றை இரவில் கொடுப்பது நியாயமன்று. மதுரை எங்கும் போய்விடாது. காலையில் கிளம்புமுன் தெருவோரத்தில் பருத்திப்பால் கிடைத்தால் இருவரும் ஆளுக்கொரு டம்ளர் குடியுங்கள்; பருத்திக்கொட்டையை அரைத்துப் பிழிந்த பாலில் கருப்பட்டியும் சுக்கும் போட்டுக் காய்ச்சியது, தோழி மறுப்பதற்கு அதில் ஒன்றுமில்லை.

இரண்டாம் நாளின் திட்டம் முழுவதும் மாலை ஐந்து மணியைச் சுற்றியே அமைய வேண்டும். திருநெல்வேலியில் நெல்லையப்பர் கோவிலுக்கு எதிரே, கீழ ரத வீதியில் இருக்கும் இருட்டுக்கடை என்னும் அல்வாக் கடை பகலில் திறப்பதில்லை. மாலையில்தான் விற்பனை தொடங்கும், சரக்கு தீர்ந்ததும் முடிந்துவிடும். அதனால் பத்து மணி வாக்கில் மதுரையை விட்டுப் புறப்பட்டு, சாத்தூரில் காராச்சேவு வாங்கிக்கொண்டு, நண்பகலில் கோவில்பட்டி ஊருக்குள் சென்று வாழையிலைச் சாப்பாடு சாப்பிடுங்கள். அங்கு கடலைமிட்டாய் வாங்காமல் யாரும் திரும்புவதில்லை. 2020ஆம் ஆண்டு அதற்கும் புவிசார் குறியீடு கிடைத்தது. நெல்லைக்குப் போனதும் அறையில் சற்றுத் தூங்கிவிட்டு அல்வாவுக்கு வரிசையில் நில்லுங்கள். கோதுமையை ஊறவைத்து அரைத்துப் பாலெடுத்து, சர்க்கரைப் பாகில் கிளறி, நெய் விட்டு விட்டு இறக்கியது அது. பெட்டியில் கட்டி ஊருக்குக் கொண்டுபோவது வேறு. இளஞ்சூட்டில் இலைத்துண்டில் வைத்துத் தருவதை அங்கேயே நின்று விழுங்குவது வேறு. ஆளுக்கு ஐம்பது கிராம் போதும். அதற்கு மேல் ஒரு துண்டு கேட்பவர் இரவுச் சாப்பாட்டை மறந்துவிட வேண்டியதுதான்.

நெல்லைச் சைவத்தின் சிறப்பான சொதி உங்கள் தோழிக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் அது கல்யாணத்துக்கு மறுநாள் மாப்பிள்ளை வீட்டாருக்குப் பரிமாறும் விருந்து, தேங்காய்ப் பாலில் காய்கறியும் பாசிப்பருப்பும் சேர்த்து, இஞ்சிப் பச்சடியோடு உண்பது. எல்லா உணவகங்களிலும் தினமும் இருக்காது. உங்கள் பள்ளியில் நெல்லைக்கார ஆசிரியர் யாராவது இருந்தால், அவர் உறவினர் வீட்டில் ஒரு வேளை சாப்பிட ஏற்பாடு செய்து தரும்படி கூச்சப்படாமல் கேளுங்கள். அந்த ஊர்க்காரர்கள் இதற்கு மறுப்புச் சொல்வதில்லை.

மூன்றாம் நாள் காலை ஏழு மணிக்கே கிளம்புங்கள். மே மாதம் பதநீர்க் காலம். நாங்குநேரி, வள்ளியூர்ப் பக்கம் சாலையோரத்தில் பானையோடு உட்கார்ந்திருப்பவரைக் கண்டால் நிறுத்துங்கள். பனையோலையை மடித்துப் பட்டையாக்கி, அதில் பதநீரை ஊற்றி, நுங்கையும் கீறிப்போட்டுத் தருவார்; இரண்டு கையாலும் ஏந்திக் குடிக்க வேண்டும். புளித்துவிடாமலிருக்கப் பானையின் உட்புறம் சுண்ணாம்பு தடவியிருந்தாலும், வெயில் ஏற ஏறச் சுவை மாறிவிடும். பத்து மணிக்குமேல் வாங்க வேண்டாம்.

நாகர்கோவிலில்தான் உங்கள் இருவரின் சிக்கலும் முற்றிலும் தீரப்போகிறது. கன்னியாகுமரி மாவட்டம் முதலில் திருவிதாங்கூரோடும், பிறகு 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தோடும் இருந்த நிலம். அதன் சமையலில் தேங்காய் இல்லாத பக்குவம் அரிது. சைவச் சாப்பாட்டில் அவியல், எரிசேரி, ஓலன், புளிசேரி என்று வரும் வரிசையில், தோழியைத் தீயலைத் தவறவிடாமல் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். தேங்காய்த் துருவலைக் கருஞ்சிவப்பாகும் வரை நிதானமாக வறுத்து, மல்லியும் மிளகாயும் சேர்த்து எண்ணெய் பிரிய அரைத்து, புளிக்கரைசலில் சின்ன வெங்காயத்தோடு கொதிக்கவிடுவது. வறுவல் ஒரு கணம் தவறினால் கசந்துவிடும், ஒரு கணம் முந்தினால் சாதாரணக் குழம்பாகிவிடும். விருந்துச் சாப்பாடு கிடைத்தால் முடிவில் பால் பாயசத்தில் போளியைப் பிய்த்துப் போட்டுக்கொள்வார்கள். உங்களுக்கு, தேங்காய் அரைத்த மீன் குழம்பும் மசித்த மரச்சீனிக்கிழங்கும். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம் என்பதால் மீன் கிடைக்குமா என்று ஐயப்படாதீர்கள். இம்மாவட்டத்தின் மேற்குப் பகுதியான குளச்சல், முட்டம் பக்கம் தடை தொடங்குவது ஜூன் 1-இல்தான். மீன் விற்கும் சாப்பாட்டுக் கடைக்குத் தோழியை அழைத்துச்சென்று எதிரே உட்காரவைக்க வேண்டாம். அந்த ஒரு வேளை மட்டும் தனித்தனியாகச் சாப்பிட்டுவிட்டு, ஒரு மணி நேரம் கழித்துச் சந்தித்துக்கொள்ளுங்கள். மூன்று நாள் ஒரே காரில் இருப்பவர்களுக்கு அந்த ஒரு மணி நேரப் பிரிவும் நல்லதே.

வயிற்றைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். சூடாக இருப்பதைச் சாப்பிடுங்கள், நறுக்கி வைத்த பழத்தைத் தொடாதீர்கள், மதியத்துக்கு மேல் தேங்காய்ச் சட்னியை முகர்ந்து பார்த்துப் போட்டுக்கொள்ளுங்கள், ஓட்டுகிறவர் நண்பகலில் அரை வயிறு மட்டும் சாப்பிடட்டும். பெண்கள் பலர் வழியில் கழிப்பறைக்கு அஞ்சித் தண்ணீர் குடிக்காமலே பயணம் செய்கிறார்கள். மே மாதத்தில் அது பரோட்டாவைவிடக் கெடுதல். உப்பு-சர்க்கரைக் கரைசல் (ஓ.ஆர்.எஸ்.) பொட்டலங்கள் நாலைந்தைக் கைப்பையில் போட்டுவையுங்கள். ஊருக்கு வாங்கிப்போகும் பொருள்களில் முறுக்கும் சேவும் கடலைமிட்டாயும் வழியிலேயே வாங்கலாம். நேந்திரங்காய்ச் சிப்ஸை மட்டும் நாகர்கோவிலில் தேங்காயெண்ணெயில் பொரித்து எடுப்பதைப் பார்த்து வாங்குங்கள்; மட்டிப்பழமும் ஒரு சீப்பு எடுத்துக்கொள்ளுங்கள், அது வழியிலேயே தீர்ந்துவிடும்.

தோழியிடம் பேசும்போது முழுப் பட்டியலையும் நீட்டாதீர்கள். அசைவ வேளைகள் இரண்டே இரண்டு, திண்டுக்கல்லிலும் நாகர்கோவிலிலும் மட்டும் என்று எழுதிக் காட்டிவிட்டு, மற்ற ஏழு வேளைகளையும் எந்தக் கடையில் சாப்பிடலாம் என்று தேர்ந்தெடுக்கும் பொறுப்பை அவரிடமே விட்டுவிடுங்கள்.