படத்தின் ஓரத்தையும் பாருங்கள்
பழைய புகைப்படங்கள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: நூறு வருடத்துக்கு முந்தைய படங்களில் ஒருவர்கூடச் சிரிப்பதில்லையே! அந்தக் காலத்து மனிதர்கள் அவ்வளவு இறுக்கமானவர்களா?

வீட்டில் நம்மைப் போலவே சிரித்துப் பேசியவர்கள்தான். கேமராவுக்கு முன்னால் வந்தால் மட்டும் முகம் மாறிவிடும். 1839-இல் டாகுர் என்பவரின் டாகுரோடைப் என்ற ஆரம்பகாலப் புகைப்பட முறையைப் பாரிஸில் அறிவித்த சமயம், ஒரு படம் பதியப் பல நிமிடங்கள் ஆயின. அதற்கு முந்தைய வருடம் டாகுர் உயரத்திலிருந்து எடுத்த ஒரு பாரிஸ் சாலைப் படம் இருக்கிறது. ஆளும் வண்டியும் ஓயாமல் போய்வந்த சாலை அது. படத்திலோ வெறிச்சோடிக் கிடக்கிறது. நகர்ந்த எதுவும் பதியவில்லை. ஷூவுக்குப் பாலிஷ் போடக் காலை நீட்டி நின்ற ஒரு மனிதர் மட்டும் மூலையில் சின்னதாகத் தெரிகிறார்.

ஆனால் எல்லாவற்றுக்கும் இதையே காரணமாகச் சொல்வதை நான் ஏற்பதில்லை. 1840-களிலேயே நல்ல லென்ஸும் வேகமான ரசாயனமும் வந்து, காத்திருக்கும் நேரம் ஒரு நிமிடத்துக்குள் குறைந்துவிட்டது. அப்புறமும் பல பத்தாண்டுகள் யாரும் பல்லைக் காட்டவில்லை. வாழ்நாளில் ஒன்றோ இரண்டோ படம்தான் எடுப்பார்கள். தன் பேரன் பேத்தி பார்க்கப்போகும் முகம் அது என்று தெரிந்தே உட்கார்ந்தார்கள். ஃபிரெடரிக் டக்ளஸ் அடிமையாகப் பிறந்து தப்பித்து, அடிமை முறைக்கு எதிராகப் போராடியவர். 19-ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் மிக அதிகமாகப் படம் எடுக்கப்பட்டவர் அவர்தான். 160 படங்கள் அளவுக்குத் தெரியவந்திருக்கின்றன. கறுப்பின மக்களைப் பல்லிளிக்கும் கேலிச் சித்திரங்களாக வரைந்த காலத்தில், அவர் கேமராவை நேராக, கடுமையாகப் பார்த்தார். அந்த முகம் அவர் எடுத்த முடிவு.

சிரிப்பு வந்தது வீட்டுக் கேமராவோடு. 1888-இல் கோடாக், 1900-இல் பிரவுனி. படம் எடுப்பவர் முன்பின் தெரியாத ஸ்டுடியோக்காரராக இல்லாமல் அண்ணனாகவோ அக்காவாகவோ இருந்தால் சிரிப்பு தானாக வரும்.

கேள்வி: என் கொள்ளுப்பாட்டியின் இளவயதுப் படம் ஒன்று இருக்கிறது. 1910-ஐ ஒட்டியது. உடை கருப்பு, உதடும் கருப்பு. யாரோ இறந்த துக்கத்தில் எடுத்திருப்பார்களோ என்று வீட்டில் பேச்சு. கண்டுபிடிக்க வழி உண்டா?

அந்த உடை சிவப்பாகவே இருந்திருக்கலாம்! எனக்கு வரும் கேள்விகளில் நான் மிகவும் விரும்பிப் பதில் எழுதுவது இந்தக் கேள்விக்குத்தான்.

அந்தக் காலத்துக் கண்ணாடித் தகட்டுக்கும் ஃபிலிமுக்கும் சிவப்பு தெரியாது. 19-ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் இருந்த தகடுகள் நீலத்தை மட்டுமே நன்றாக உணர்ந்தன. பின்னால் வந்த ஆர்த்தோகுரோமேட்டிக் வகை பச்சையையும் பிடித்தது. சிவப்பு மட்டும் அதற்கும் இருட்டுதான். எல்லா நிறங்களையும் உணரும் பான்குரோமேட்டிக் ஃபிலிம் பரவலாகப் புழக்கத்துக்கு வந்தது 1920-களில். ஆகவே அதற்கு முந்தைய கருப்பு வெள்ளைப் படத்தில் சிவப்பு உடை கருப்பாக விழும். வெளிர் நீல உடை வெள்ளையாகிவிடும். நீல வானம் மேகமே இல்லாத வெள்ளைத் தாளாக நிற்கும். நீலக் கண்கள் கண்ணாடிபோல வெளிறி, பார்க்கவே சற்று அச்சமூட்டும். கன்னத்தில் லேசான புள்ளிகள் இருந்தால் கரும்புள்ளிகளாகத் தெரியும். உதட்டுக்குச் சாயம் பூசவே வேண்டாம், இயல்பான சிவப்பே கருத்துவிடும்.

சரி, உங்கள் படத்தை எப்படிச் சோதிப்பது? பூதக்கண்ணாடி எடுத்து முதலில் துணியைப் பாருங்கள். மேலை நாட்டுத் துக்க உடை என்றால் பளபளப்பே இல்லாத மங்கலான துணியாக இருக்கும். மடிப்பின் மேட்டில் வெளிச்சம் பட்டு மின்னினால் அது பட்டோ சாட்டினோ, கொண்டாட்ட உடையாக இருக்கும் வாய்ப்பு அதிகம். அடுத்து நகையைப் பாருங்கள். அப்புறம் பக்கத்தில் இருப்பவர்களின் உடை. எல்லோரும் வெளிர் நிறத்தில் இருந்து இவர் மட்டும் கருப்பென்றால், துக்கம் என்று முடிவு கட்ட எனக்கு மனம் வராது.

கேள்வி: இப்போது கணினியே பழைய படத்துக்கு வண்ணம் போட்டுவிடுகிறதே. போடலாமா?

முந்தைய பதிலைப் படித்தீர்கள் அல்லவா? கணினிக்கும் அந்தச் சாம்பல் நிறம் மட்டும்தான் தெரியும், மீதியெல்லாம் ஊகம். உங்கள் கொள்ளுப்பாட்டியின் சிவப்பைக் கருப்பென்றோ பழுப்பென்றோ அது தைரியமாகப் பூசிவிடும், அடுத்த தலைமுறை அதை உண்மை என்று நம்பிவிடும். ஆசைக்குப் போட்டுப் பாருங்கள். ஆனால் மூலப்படத்தைத் தனியாக வையுங்கள், வண்ணம் போட்ட பிரதியில் அதை எழுதியும் வையுங்கள்.

அந்தக் காலத்தின் நிஜ நிறத்தைப் பார்க்க ஆசைப்பட்டால் ஆட்டோகுரோம் படங்களைத் தேடுங்கள். லூமியேர் சகோதரர்கள் 1907-இல் விற்பனைக்குக் கொண்டுவந்த முறை. உருளைக்கிழங்கு மாவின் நுண்ணிய துகள்களுக்கு ஆரஞ்சு, பச்சை, ஊதா சாயமேற்றிக் கண்ணாடியில் பரப்பிச் செய்தது. ஆல்பெர்ட் கான் என்ற பிரெஞ்சு வங்கியாளர் 1909 முதல் 1931 வரை உலகெங்கும் ஆள் அனுப்பி இந்த முறையில் சேர்த்த கண்ணாடித் தகடுகள் சுமார் 72,000. அவற்றில் ஒன்றைப் பெரிதாக்கிப் பாருங்கள், நிறம் புள்ளி புள்ளியாகப் பிரியும்.

கேள்வி: அந்தக் கால நட்சத்திரங்களின் முகத்தில் ஒரு மாசு மருகூட இல்லையே. இப்போதுள்ளவர்களுக்கு அப்படி இல்லை!

இப்போதுள்ளவர்கள்மீது வருத்தப்படாதீர்கள். 1931-இல் ஹாலிவுட் நடிகை ஜோன் க்ராஃபோர்டைப் புகைப்படக்காரர் ஜார்ஜ் ஹரல் ஒப்பனையில்லாமல் எடுத்த படத்தைத் தேடிப் பாருங்கள். நெற்றி, கன்னம், மூக்கு, தோள் எங்கும் புள்ளிகள். அதே படத்தின் டச்சப் செய்த பிரதியும் கிடைக்கிறது. அதில் ஒரு புள்ளி இல்லை.

எப்படிச் செய்தார்கள்? அவர்கள் பயன்படுத்திய நெகட்டிவ் எட்டுக்குப் பத்து அங்குலம். அவ்வளவு பெரிதாக இருந்ததால் கூராகச் சீவிய பென்சிலால் அதன்மேலேயே வேலை செய்ய முடிந்தது. முகத்தில் கருப்பாக இருக்கும் புள்ளி நெகட்டிவில் தெளிவான துளியாக இருக்கும். அந்தத் துளியைப் பென்சிலால் நிரப்பினால் பிரிண்டில் அது சுற்றுத் தோலோடு கலந்துவிடும். ஒவ்வொரு புள்ளியாக, மணிக்கணக்கில். அந்த உழைப்பை நான் மதிக்கிறேன். ஆனாலும் இரண்டு படங்களில் எனக்குப் பிடித்தது புள்ளிகள் உள்ளதுதான். அதில் உயிருள்ள ஒரு பெண் இருக்கிறார்.

கேள்வி: பின்னால் எதுவும் எழுதாத படம். எந்த வருடம் என்று எப்படிச் சொல்வது?

முகத்தை விட்டுவிட்டு முதலில் அட்டையைத் தொட்டுப் பாருங்கள். உள்ளங்கைக்குள் அடங்கும், ஆறுக்குப் பத்து சென்டிமீட்டர் அளவு மெல்லிய அட்டை என்றால் கார்ட் டி விசிட். 1854-இல் டிஸ்டேரி என்பவர் பாரிஸில் காப்புரிமை பெற்ற முறை. ஒரே தகட்டில் பல படங்கள் விழுந்ததால் விலை சரிந்தது, 1860-களில் அரசியரும் நடிகையரும் சாதாரண வீட்டு ஆல்பங்களுக்குள் வந்தார்கள். பிரபலங்களின் படம் சேர்க்கும் பழக்கத்தை உலகெங்கும் பரப்பியது இந்தச் சின்ன அட்டைதான். அமெரிக்கப் படமாக இருந்து பின்னால் வரி முத்திரைத்தாள் ஒட்டியிருந்தால் இன்னும் வசதி. அந்த வரி 1864 முதல் 1866 வரை மட்டுமே இருந்தது.

காந்தம் ஒட்டினால் டின்டைப், இரும்புத் தகட்டில் எடுத்தது. அதில் இடப்பக்கம் வலப்பக்கமாகத் தெரியும். பில்லி தி கிட் என்ற அமெரிக்கக் கொள்ளையன் இடதுகைக்காரன் என்று வெகுகாலம் நம்பியதற்குக் காரணமே ஒரு டின்டைப்தான். படத்தில் கைத்துப்பாக்கி இடது இடுப்பில் தொங்குகிறது. ஆனால் அவன் பிடித்திருக்கும் வின்செஸ்டர் துப்பாக்கியில் தோட்டா போடும் வாசல் வலப்புறம் இருக்க வேண்டும், படத்தில் அது இடப்புறம் இருக்கிறது. அதைக் கவனித்தபிறகுதான் குட்டு உடைந்தது. உங்கள் படத்தில் சட்டைப் பொத்தான் எந்தப் பக்கம் என்று பாருங்கள்.

உடையை வைத்துக் கணிப்பதென்றால் மேலை நாட்டுப் பெண்கள் உடையின் கை பெரிய உதவி. தோளில் சின்னதாக ஒரு புடைப்பு என்றால் 1890-களின் தொடக்கம். பலூனாக ஊதியிருந்தால் 1895-ஐ ஒட்டி. அதற்குப் பின் சட்டென்று சுருங்கிவிடும். ஒரு எச்சரிக்கை: வயதானவர் இருபது வருடத்துக்கு முந்தைய உடையையே பத்திரமாக உடுத்தி வந்திருப்பார். குழுவில் இளம்பெண் யாரோ, அவர் உடையை வைத்துக் கணியுங்கள். ஓரம் அலை அலையாக வெட்டிய பிரிண்ட் பெரும்பாலும் 1930-களிலிருந்து 1950-கள் வரை. வெள்ளை விளிம்பில் மாதமும் வருடமும் அச்சாகியிருந்தால் அது பிரிண்ட் போட்ட தேதி. எடுத்தது சில மாதம் முன்பாகவும் இருக்கலாம்.

கேள்வி: தாத்தாவின் அப்பா பெயர் எழுதிய படத்தில் கவுன் போட்ட குழந்தை. பெயர் தவறா?

தவறாக இருக்க வேண்டியதில்லை. அந்தக் காலத்தில் பல நாடுகளில் ஆண் குழந்தைகளுக்கும் சில வயது வரை கவுன்தான். பிற்பாடு அமெரிக்க ஜனாதிபதியான ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டின் 1884-ஆம் வருடப் படத்தைப் பாருங்கள். நீண்ட முடி, வெள்ளைக் கவுன், மடியில் இறகு வைத்த தொப்பி.

கேள்வி: இறந்தவர்களை இரும்புக் கம்பியில் நிற்கவைத்துப் படம் எடுத்தார்கள் என்கிறார்களே, நிஜமா?

இறந்தவர்களைப் படம் எடுத்தது நிஜம், படுக்கையிலோ சவப்பெட்டியிலோ. நிற்கவைத்தது கட்டுக்கதை. காலுக்குப் பின்னால் தெரியும் அந்த இரும்புப் பாதம், உயிரோடு இருப்பவரின் தலை அசையாமல் இருக்கப் பின்னங்கழுத்தில் முட்டுக்கொடுக்கும் கம்பியுடையது. ஓர் உடலின் பாரத்தை அது தாங்காது. யாருடைய படத்திலாவது அதைப் பார்த்தால் அவர் அன்று உயிரோடு இருந்தார் என்று நிம்மதியாகச் சொல்லலாம்.

கேள்வி: பாட்டியின் கருப்பு வெள்ளைப் படம் அப்படியே இருக்கிறது. அம்மாவின் 1970-களின் கலர் படம் சிவந்துபோய்விட்டது. ஏன்?

கருப்பு வெள்ளையில் படமாக நிற்பது வெள்ளி. கலரில் நிற்பது மூன்று சாயங்கள். அந்தக் காலத்துப் பல கலர் தாள்களில் நீலப்பச்சைச் சாயம் ஆல்பத்துக்குள் இருட்டில் இருந்தாலும் மங்கிவிடும். மீதி இரண்டும் சேர்ந்து சிவப்பாகத் தெரிகிறது. போன சாயம் தாளில் திரும்பாது. சூடும் ஈரமும் அதை விரைவுபடுத்தும், ஆகவே பரண் வேண்டாம், குளியலறைச் சுவரை ஒட்டிய அலமாரி வேண்டாம். நெகட்டிவ் இருந்தால் தேடி எடுங்கள். இன்றே ஸ்கேன் செய்துவிடுங்கள். ஒட்டும் பசைப் பக்கமும் மேலே பிளாஸ்டிக் தாளும் உள்ள ஆல்பத்திலிருந்து படங்களை வெளியே எடுப்பது நல்லது. வராவிட்டால் பிய்க்காதீர்கள், பக்கத்தோடு ஸ்கேன் செய்யுங்கள்.

கேள்வி: பழைய படங்களைப் பார்த்தால் அந்தக் காலத்திலேயே பிறந்திருக்கலாம் என்று ஏக்கமாக இருக்கிறது. உங்களுக்கு?

எனக்கும் அந்த ஏக்கம் உண்டு. லார்டிக் என்ற பிரெஞ்சுக்காரர் 1910, 1911 வாக்கில், பதின்வயதில், பாரிஸ் பூங்காவில் நடந்துபோன பெண்களை எடுத்த படங்களை என்னால் வைத்த கண் வாங்காமல் பார்க்க முடியும். தலையைவிடப் பெரிய தொப்பி, தரையைத் தொடும் அங்கி, முன்னால் இழுத்துக்கொண்டு ஓடும் நாய். 1963-இல் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் அவற்றைக் காட்சிக்கு வைத்தபோது அவருக்கு எழுபது நெருங்கிவிட்டது.

அதே வருடங்களில் லூயிஸ் ஹைன் என்ற புகைப்படக்காரர், குழந்தைகளை வேலை வாங்குவதை அம்பலப்படுத்த, அமெரிக்கப் பஞ்சாலைகளில் படம் எடுத்துக்கொண்டிருந்தார். நூற்பு இயந்திரத்துக்குப் பக்கத்தில் சிறுமிகள், பலருக்குக் காலில் செருப்பில்லை. குழந்தையின் உயரத்தைத் தன் கோட்டுப் பொத்தான்களை வைத்து ரகசியமாக அளந்து, பைக்குள் கைவிட்டே குறித்துக்கொள்வார். அந்தப் பூங்காப் பெண்களின் உடைக்கு நூல் நூற்றது இப்படிப்பட்ட கைகளாகவும் இருக்கலாம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் நான் பார்க்கிறேன். ஒன்றை மட்டும் பார்த்தால் அந்தக் காலத்துக்கு நாம் அநியாயம் செய்கிறோம்.

ஏக்கத்தை விட்டுவிடச் சொல்லவில்லை. நடுவில் நிற்பவரைப் பார்த்து முடித்ததும் ஓரத்துக்குப் போங்கள். கதவிடுக்கில் எட்டிப்பார்க்கும் வேலைக்காரச் சிறுமி, நாற்காலிமேல் போர்த்திய துணிக்குள்ளிருந்து குழந்தையைப் பிடித்திருக்கும் அம்மாவின் கை, ஒட்டுப்போட்ட முழங்கை. அன்றாட வாழ்க்கை அங்கேதான் சிக்கியிருக்கிறது, போஸ் கொடுக்காமல்.

கேள்வி: வீட்டைக் காலி செய்யும்போது யாரென்றே தெரியாதவர்களின் படங்கள் ஒரு பெட்டி நிறையக் கிடைத்தன. எறிந்துவிடலாமா?

தயவுசெய்து வேண்டாம். விவியன் மையர் என்ற பெண்மணி சிகாகோவில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை செய்தவர். வாடகை கட்டாததால் 2007-இல் அவருடைய பெட்டிகள் ஏலத்துக்குப் போயின. உள்ளே இருந்தவை பல பத்தாண்டுகளின் தெருக்காட்சிகள். அவர் எடுத்தவை மொத்தம் ஒரு லட்சத்துக்கும் மேல். உலகம் தன்னைக் கொண்டாடுவதைப் பார்க்காமலே 2009-இல் இறந்துபோனார்.

உங்கள் பெட்டியில் இருப்பவர்களை அடையாளம் சொல்லக்கூடிய பெரியவர் ஒருவராவது இருப்பார். இந்த வாரமே அவரிடம் கொண்டுபோங்கள். அவர் பேசுவதைக் கைபேசியில் பதிவு செய்யுங்கள், ஏனென்றால் பெயர் கேட்டால் கதை வரும். படத்துக்குப் பின்னால் மென்மையான பென்சிலால், ஓரமாக, அழுத்தாமல் எழுதுங்கள். பால்பாயின்ட் பேனா முன்பக்கம் வரை தழும்பு போடும். பென்சில் பிடிக்காத வழவழப்பான தாள் என்றால் உறையில் எழுதிப் படத்தை உள்ளே வையுங்கள். முழுப்பெயர், ஊர், தோராயமான வருடம், சொன்னவர் பெயர். ‘அத்தை’ என்று மட்டும் எழுதி வைக்காதீர்கள். யாருக்கு அத்தை என்பதையும் எழுதுங்கள்.