2 வயதுப் பையன் கோபம் வந்தால் கடிக்கிறான், தரையில் விழுந்து புரள்கிறான். என்ன செய்வது?

கேள்வியில் நீங்கள் சொன்னது இது: வேலூர் சத்துவாச்சாரியில் கூட்டுக் குடும்பம். பையனுக்கு 26 மாதம். கேட்டது கிடைக்காவிட்டால் தரையில் விழுந்து புரள்கிறான். 5 வயது அக்காவைக் கடிக்கிறான். பால்வாடியிலும் ஒரு குழந்தையைக் கடித்துவிட்டான். "திருப்பி ஒரு கடி கடி, அப்பதான் அவனுக்கு வலி தெரியும்" என்கிறார் அத்தை (உங்கள் மாமியார்).

திருப்பிக் கடிக்காதீர்கள். உதட்டில் மிளகாய் தேய்ப்பதும் கூடாது. 'எனக்கு வலித்த மாதிரிதான் அக்காவுக்கும் வலித்திருக்கும்' என்று சேர்த்துப் பார்க்கும் பக்குவம் 2 வயதில் வராது. பெரியவங்களும் கோபம் வந்தா கடிப்பாங்க என்பதைத்தான் அவன் கற்றுக்கொள்வான்.

முதலில் அடத்தையும் கடியையும் பிரித்துப் பாருங்கள். இரண்டும் ஒரே கோபத்தில் வருவதால் ஒரே மருந்து என்று தோன்றும். ஆனால் அடம் பிடித்தால் நாம் பொறுத்திருக்க வேண்டும், கடிக்கப் போனால் முந்திக்கொள்ள வேண்டும். கடித்த பிறகு திட்டுவதில் பெரிதாக ஒன்றும் நடக்காது. கடிப்பதற்கு முந்தைய நொடியில்தான் எல்லாம் இருக்கிறது.

அந்த நொடியைக் கண்ணால் பார்க்கலாம். பொம்மையை இழுத்துக்கொண்டிருந்த கை சட்டென்று நிற்கும். தாடை இறுகும். எதிரே இருப்பவரின் கையையோ தோளையோ இரண்டு கையாலும் பிடிப்பான், தலை முன்னே வரும், வாய் திறக்கும். தலை முன்னே வரும்போதே உங்கள் உள்ளங்கையை அவன் நெற்றியிலோ மார்பிலோ மெதுவாக வைத்து நிறுத்துங்கள். அடிப்பது போலவோ தள்ளுவது போலவோ இருக்கக் கூடாது. அவன் வாய்க்கு வர வேண்டிய சொல்லை நீங்கள் எடுத்துக் கொடுங்கள்: "குடு-ன்னு கேளு." "வேணாம்-னு சொல்லு." சொல் வராத குழந்தைக்குக் கையை நீட்டிக் கேட்கவும், உள்ளங்கையைக் காட்டி 'நில்லு' என்று காட்டவும் பழக்குங்கள். இதை அவன் சிரித்து விளையாடும் நேரத்தில் ஒரு நாளைக்கு ஐந்தாறு தடவை விளையாட்டாகவே செய்ய வேண்டும். கோபத்தில் இருக்கும்போது புதிதாக எதுவும் ஏறாது.

எப்போதும் பக்கத்திலேயே இருக்க முடியாதுதான். அதனால் எப்போது கடிக்கிறான் என்று தெரிந்துகொள்ளுங்கள். தினசரி காலண்டரில் கிழிக்கிற தாளின் பின்பக்கம் போதும். ஏழு நாள் எழுதுங்கள்: எத்தனை மணிக்கு, யாரை, அதற்குச் சற்று முன் என்ன நடந்தது, கடைசியாக எப்போது சாப்பிட்டான், எப்போது தூங்கினான். பெரும்பாலும் ஒரு நேரம் தனியாகத் தெரியும். மதியச் சாப்பாட்டுக்கு முந்தைய அரைமணி, பகல் தூக்கம் தவறிய நாளின் சாயங்காலம், வீடு நிறைய விருந்தாளி வந்த நாள் என்று இருக்கும். 11.30-க்குக் கடிக்கிறவனுக்கு 11 மணிக்கே ஒரு வாழைப்பழம் கொடுத்தால் பாதிப் பிரச்சினை தீரலாம். இந்த வயதில் பகல் தூக்கத்தையும் சேர்த்து 11 முதல் 14 மணி நேரம் தூங்க வேண்டும். வேலூர் வெயிலில், அதுவும் கத்திரி நாட்களில், தாகத்தைச் சொல்லத் தெரியாமலேயே சிடுசிடுப்பார்கள். கேட்காவிட்டாலும் தண்ணீர் கொடுத்துக்கொண்டே இருங்கள்.

அத்தையிடம் வாதம் வேண்டாம். அந்த அரைமணி நேரக் காவலை அவரிடம் கொடுங்கள். "இந்த நேரத்துல ரெண்டு பேருக்கும் நடுவுல நீங்க உக்காந்துக்குங்க, அத்தை" என்று கேட்டால் செய்வார். பேரன் மேல் அவருக்கு இருக்கும் அக்கறையும் அப்போது சரியான இடத்தில் உதவும்.

இன்னொரு காரணம் பல். இரண்டாவது கடைவாய்ப் பற்கள் 23 முதல் 33 மாதத்துக்குள் முளைக்கும், உங்கள் பையன் சரியாக அந்த வயதில் இருக்கிறான். ஈறு ஊறினால் எதையாவது அழுத்திக் கடிக்கத் தோன்றும். சுத்தமான பருத்தித் துணியை நனைத்து ஃபிரிட்ஜில் வைத்து, குளிர்ந்ததும் கொடுங்கள். ஃப்ரீசரில் வேண்டாம், ஈறு புண்ணாகும். சப்பாத்தி ஓரமும் நல்லது, உட்கார வைத்து, பக்கத்தில் இருந்து கொடுங்கள். பச்சைக் கேரட், முறுக்குத் துண்டு எல்லாம் தொண்டையில் சிக்கும்.

முந்த முடியாமல் கடித்துவிட்டான் என்றால், கவ்விய பல்லிலிருந்து கையை இழுக்காதீர்கள், தோல் கிழியும். கையை அவன் வாய்ப்பக்கமே லேசாக அழுத்தினால் தாடை தானாகத் திறக்கும். பிறகு முகத்துக்கு நேராக, தாழ்ந்த குரலில், "கடிக்கக் கூடாது. அக்காவுக்கு வலிக்குது." அவ்வளவுதான். உடனே பெண்ணிடம் திரும்புங்கள், அவளைத் தூக்குங்கள். கடித்தவனுக்கு ஐந்து நிமிடப் பிரசங்கமும் கடிபட்டவளுக்கு ஒரு தடவலும் என்று ஆகிவிட்டால், அம்மா முழுசாக நம்மைப் பார்க்க இதுதான் வழி என்று அவன் கண்டுகொள்வான். "இப்படிக் கடிச்சான் பாரு" என்று விருந்தாளிகளிடம் சொல்லிச் சிரிப்பதும் அதே வேலையைத்தான் செய்யும்.

பால்வாடி டீச்சரிடமும் இதே வாக்கியத்தைச் சொல்லச் சொல்லுங்கள். வரிசையின் நடுவில் நெருக்கி உட்காரவைக்காமல் ஓரத்தில் இடம் கேளுங்கள். 'கடிக்கிற பையன்' என்ற பெயர் மட்டும் அங்கே விழ விடாதீர்கள்.

இப்போது அடம். விழுந்து புரளும்போது படி, அடுப்பு, கட்டில் முனை பக்கத்தில் இருந்தால் தூக்கி நகர்த்துங்கள். இரண்டடி தள்ளித் தரையில் உட்காருங்கள். "கோவமா இருக்கே. நான் இங்கதான் இருக்கேன்" என்று ஒரு தடவை சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். நியாயம் பேசப் பேச நீளும். பெரும்பாலும் சில நிமிடங்களில் குரல் மாறும், கத்தல் போய்த் தேம்பல் வரும். தூக்கி அணைக்க வேண்டியது அப்போதுதான். அதற்கு முன் தொட்டால் உதைப்பான்.

இங்கே பலர் தடுமாறுவது ஒன்றுண்டு. ஒன்பது தடவை மறுத்துவிட்டுப் பத்தாவது தடவை, சத்தம் தாங்காமல், செல்போனைக் கொடுத்துவிடுவார்கள். பத்து தடவை கத்தினால் கிடைக்கும் என்று குழந்தை கணக்குப் போட்டுக்கொள்ளும். கொடுப்பதாக இருந்தால் முதல் தடவை கேட்கும்போதே கொடுங்கள். இல்லை என்று சொல்லிவிட்டால் வீட்டில் எல்லோருக்கும், தாத்தாவுக்கும் சேர்த்து, அது இல்லைதான். கொடுப்பதை நிறுத்திய முதல் சில நாள் அடம் முன்னைவிட அதிகமாகும். பழைய வழி வேலை செய்யாததால் குரலை ஏற்றிப் பார்க்கிறான். பலர் அந்த நாட்களில்தான் கைவிடுகிறார்கள்.

கோட்டைப் பூங்காவிலிருந்து கிளம்பும்போது "அஞ்சு நிமிஷம்" என்று சொன்னால் 2 வயதுக்குப் புரியாது. "இன்னும் ரெண்டு தடவ சறுக்கு, அப்புறம் வீட்டுக்கு" என்றால் புரியும். ஆடிக் கிருத்திகைக்கு ரத்தினகிரி போவதென்றாலும், காதுகுத்து வீட்டுக்கென்றாலும், தூங்கி எழுந்து சாப்பிட்ட பிறகு கிளம்புங்கள். "அழுதா ஊசி போட்டுடுவாங்க" என்று மிரட்டாதீர்கள், நாளைக்குத் தடுப்பூசிக்குப் போகும்போது நீங்கள்தான் கஷ்டப்படுவீர்கள்.

சில குழந்தைகள் அழுகையின் உச்சத்தில் மூச்சைப் பிடித்து, நீலம் பாய்ந்து, துவண்டுவிடும். பார்க்க உயிரே போகும் போலிருக்கும், ஆனால் பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள் மூச்சு தானாகத் திரும்பும். ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். வாயில் தண்ணீர் ஊற்றவோ, குலுக்கவோ, கையில் சாவிக்கொத்தைத் திணிக்கவோ வேண்டாம். ஒரு நிமிடம் தாண்டியும் தெளியாவிட்டால் 108-ஐ அழையுங்கள். முதல் முறை நடந்தால் டாக்டரிடம் காட்டி இரத்தப் பரிசோதனையும் கேளுங்கள், இரும்புச்சத்துக் குறைவு இதற்கு ஒரு காரணம்.

கடித்த இடத்தில் தோல் கிழியாமல் இருந்தால் கழுவிவிட்டு ஈரத்துணி வைத்தால் போதும். இரத்தம் வந்தால் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 5 நிமிடம் கழுவி, அன்றே டாக்டரிடம் போங்கள். காபித்தூள், மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வைக்காதீர்கள். தடுப்பூசி அட்டையைக் கையோடு எடுத்துப் போங்கள். டெட்டனஸ், மஞ்சள் காமாலை பி ஊசிகள் போட்டிருக்கிறதா என்று பார்ப்பார்கள்.

கடைசியாக, பேச்சைக் கவனியுங்கள். கடிக்கும் குழந்தைகளில் பலருக்குச் சொல் போதாமல்தான் பல் முந்துகிறது. 2 வயதில் சுமார் 50 சொற்களும், "அம்மா வா", "பால் வேணும்" போல இரண்டு சொல் சேர்த்தும் வர வேண்டும். அது வராவிட்டாலோ, பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாவிட்டாலோ, வேண்டியதை விரலால் சுட்டிக் காட்டாவிட்டாலோ, "அவங்கப்பாவும் லேட்டாதான் பேசினான்" என்று காத்திருக்க வேண்டாம். அடம் பெரும்பாலும் 25 நிமிடத்துக்கு மேல் நீண்டாலும், தலையை முட்டித் தன்னையே காயப்படுத்திக்கொண்டாலும் அப்படித்தான். அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவிலோ, உங்கள் குழந்தை டாக்டரிடமோ காட்டி, முதலில் காது கேட்கும் திறனைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். போகும்போது அந்த ஏழு காலண்டர் தாள்களையும் எடுத்துப் போங்கள். டாக்டர் முதலில் கேட்கப்போகும் கேள்விகளுக்குப் பதில் அதிலேயே இருக்கும்.