ஏற்றம் பயமில்லை, இறக்கம்தான்!

கேள்வி: ஜூன் கடைசியில் கலிஃபோர்னியாவில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போகிறோம். யோசெமிட்டி மலையையும் டெத் வேலி பாலைவனத்தையும் ஒரே நாளில் காரில் பார்த்துவிடலாம் என்கிறார் மாப்பிள்ளை. முடியுமா?

பதில்: மாப்பிள்ளை கணக்கு சரிதான். ஏறக்குறைய 300 மைல், ஓட்டிவிடலாம். நாங்களும் அப்படிப் போய்த்தான் கெடுத்துக்கொண்டோம். நடுவில் லோன் பைன் என்கிற சின்ன ஊரில் ஒரு ராத்திரி தங்கிவிடுங்கள்.

முதலில் வருவது டியோகா கணவாய், 3,031 மீட்டர். பனிக்காலம் முழுக்க மூடிக்கிடக்கும். 2023இல் ஜூலை 22ஆம் தேதிதான் திறந்தார்கள், அதனால் பாதை திறந்தாயிற்றா என்று விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள். இறங்கினால் மோனோ ஏரி. அங்கிருந்து 395ஆம் நெடுஞ்சாலையில் தெற்கே போகும்போது வலப்பக்கம் சியரா நெவாடா கூடவே வரும். பாலைவனத்துக்குக் காரணமே இந்த மலைதான். பசிபிக்கிலிருந்து வரும் ஈரக்காற்று மேற்குச் சரிவிலேயே மழையும் பனியுமாகக் கொட்டிவிடுகிறது. அப்புறம் இன்னும் சில மலைத்தொடர்களைத் தாண்டி டெத் வேலிக்கு வரும்போது அதனிடம் கொடுக்க ஒன்றும் இருப்பதில்லை. வருஷம் முழுக்கச் சேர்த்தாலும் அங்கே சுமார் 5 சென்டிமீட்டர் மழைதான்.

லோன் பைனில் விடியும்போது விட்னி சிகரம் ரோஜா நிறமாகத் தெரியும். பார்த்த கையோடு புறப்பட்டுவிடுங்கள்.

எல்லோரும் ஏற்றத்துக்குப் பயப்படுவார்கள். எங்களுக்கு வினை வந்தது இறக்கத்தில். லோன் பைனிலிருந்து டெத் வேலிக்குப் போகும் வழியில் வரும் டவுன் (Towne) கணவாயிலிருந்து முப்பது கிலோமீட்டருக்குள் 1,500 மீட்டர் இறங்க வேண்டும். என் கணவர் பிரேக்கிலிருந்து காலை எடுக்கவே இல்லை. பாதி வழியில் கருகல் வாடை. ஓரங்கட்டி முக்கால் மணி நேரம் வெயிலில் நின்றோம், பேச்சுவார்த்தை இல்லாமல். நீங்கள் லோ கியரில் இறங்குங்கள், பிரேக்கை விட்டு விட்டு மிதியுங்கள். ஏற்றத்தில் இன்ஜின் சூடேறினால் ஏசியை அணைத்துவிடுங்கள். தண்ணீர் ஆளுக்கு நாலு லிட்டராவது வேண்டும்.

டெத் வேலியிலேயே மிகத் தாழ்வான இடமான பேட்வாட்டரில் உப்புத்தரையில் நின்றுகொண்டு பின்பக்க மலையை அண்ணாந்து பாருங்கள். பாறையில் 'கடல் மட்டம்' என்று ஒரு பலகை இருக்கும், 86 மீட்டர் உயரத்தில்! காலை பத்து மணிக்கு மேல் மட்டும் அங்கே நடக்காதீர்கள், மாப்பிள்ளை என்ன சொன்னாலும் சரி.